பக்கத்து சீட் பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியில். மாஸ்டரின் பிரேக் ஆபத்துக்கு மட்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நம் மாஸ்டர் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. படித்திருந்தாலும், எழுதியவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்லியிருப்பார்.

முப்பத்தோரு வருஷமாக அவருடைய வலது கால் அந்த பெடல் மேலேயே இருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், மற்றதை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். சிக்னல் வந்தால் வண்டி தானாக நிற்கும். நாய் குறுக்கே வந்தால் தானாக நிற்கும். நமக்கு எவ்வளவு அழகாக ஓட்ட வருகிறது என்று ஆட்கள் பூரித்துப்போய் வீட்டுக்குப் போவார்கள். அப்புறம் டெஸ்ட் அன்றைக்கு, பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிக்னல் வரும். வண்டி நிற்காது.

இப்படி ஃபெயில் ஆனவர்களில் மாஸ்டரின் மனைவியும் ஒருத்தி. நாலு தடவை.

அவள்தான் ஸ்கூலின் ஆபீஸ். வீட்டுக்குக் கீழே ஷட்டர் போட்ட ஒரு அறை, ஒரு மேஜை, ரோட்டுக் குறிகள் வரைந்த பெரிய பலகை ஒன்று. யாருக்கு எந்த மணிக்கு வகுப்பு, யாருக்கு எப்போது டெஸ்ட், யார் கண்ணாடி போடாமல் வந்தார்கள், எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். வருகிறவர்கள் ஆபீஸக்கா என்று கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் டாக்டரம்மா ஒருத்தருக்குப் பத்தொன்பதாவது வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மாஸ்டருக்கு மாரடைப்பு வந்தது. பெடலிலிருந்து கால் நழுவிவிட்டது. பல் டாக்டரம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காலால் பிரேக் போட்டார். வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணி, மாஸ்டரின் சட்டைப் பொத்தானையும் கழற்றிவிட்டார். அடுத்த மாதம் டெஸ்டில் முதல் தடவையே பாஸ். மாரடைப்பு வந்த கதையை மாஸ்டர் எல்லோரிடமும் சொல்வார். பல் டாக்டரம்மா பாஸ் ஆன கதையை மட்டும் சொல்ல மாட்டார்.

ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்துக்குப் பழைய பலம் இல்லை. இப்படிப் பலவீனமான இதயம் திடீரென்று தறிகெட்டுத் துடிக்க ஆரம்பித்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று, இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் சின்ன சோப்புக்கட்டி சைஸில் ஒரு மிஷினை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் இதயத்தின் வலது கீழறைக்குப் போகிறது. இதயம் தறிகெட்டால் மிஷின் ஒரு ஷாக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். ரொம்ப மெதுவாகிவிட்டால் லேசாக ஒரு தட்டுத் தட்டித் துடிக்க வைக்கும். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

மாஸ்டருக்குப் பொறுக்காதது அந்தச் சும்மாதான்.

முதல் செக்கப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். மிஷின் துடிக்க வைத்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று போட்டிருந்தது. அந்தத் தாளை அவர் ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"ஒரு பர்சென்ட் கூட வேலை செய்யலியாம் இது."

"நல்லதுதானேங்க. உங்க இதயமே வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் ஆபீஸக்கா.

"நெஞ்சக் கீறி உள்ள வச்சது வேடிக்கை பாக்கவா?"

அடுத்த செக்கப்பில் அவள் மருந்து வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் மாஸ்டர் வெளியே வந்துவிட்டார். முகத்தில் ஒரு திருப்தி. என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "சரி பண்ணிட்டேன்" என்றார். பண்ணிட்டாங்க என்று சொல்லாமல் பண்ணிட்டேன் என்றது அவள் காதில் விழத்தான் செய்தது. கையில் மருந்துப் பையும் குடையும் ஃபைலும் இருந்ததால் அதை அப்போது எடுத்துக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வந்த தாளில் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று போட்டிருந்தது. மாஸ்டர் அதை ரோட்டுக் குறிப் பலகையில், 'நில்' குறிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். வகுப்புக்கு வருகிறவர்களிடம் காட்டினார்.

"பாத்தியா? நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. நீ ரோட்டுக் குறி பரீட்சையில எவ்வளவு?"

அங்கிருந்துதான் அவர் உடம்பு இறங்க ஆரம்பித்தது. ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் பதினேழு படி. முதலில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். பிறகு இரண்டு இடம். பிறகு மூன்று. ஆபீஸக்கா ஒவ்வொரு படிக்கும் அவர் முதுகில் கை வைத்து ஏற்றிவிடுவாள். கணுக்கால் வீங்கியது, கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டியதால் ஒரு தலையணை மூன்றானது. மூச்சுத் திணறி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. மாஸ்டர் இதற்கெல்லாம் உப்பைக் குறை சொன்னார், படிக்கட்டைக் குறை சொன்னார், வகுப்புகளை இப்போது பார்த்துக்கொள்ளும் மச்சானையும் குறை சொன்னார். மச்சான் என்பது ஆபீஸக்காவின் தம்பி. அவன் பெடல் மேல் கால் வைப்பதில்லை. அவனிடம் படித்தவர்கள் வரிசையாகப் பாஸ் ஆனார்கள். இன்ஸ்பெக்டர் இளகிவிட்டார் என்று மாஸ்டர் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்.

மிஷினை மட்டும் அவர் குறை சொல்லவே இல்லை. "அது மட்டும் தொண்ணூத்தெட்டு பர்சென்ட் உழைக்கலேன்னா என் கதி என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாரு."

இரண்டாவது தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஆபீஸக்காவைத் தனியே கூப்பிட்டார். போன வருஷம் முப்பது சதவீதத்தில் இருந்த இதயத்தின் பம்ப் பலம் இப்போது இருபத்திரண்டில் இருக்கிறது என்றார். இப்படியே இறங்கினால் அடுத்த தடவை நடந்து வீட்டுக்குப் போவதாக நினைக்க வேண்டாம் என்றார். மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் மிஷினை ஒரு தடவை பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அந்த வியாழக்கிழமை ஸ்கூல் வண்டியில்தான் போனார்கள். ஆபீஸக்கா ஓட்டினாள். மாஸ்டர் பக்கத்து சீட்டில். ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், பெடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது மாஸ்டரின் வாதம். வழியில் ஏழு சிக்னல். ஏழிலும் வண்டி தானாக நின்றது.

மிஷின் பார்க்கும் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு லேப்டாப், அதிலிருந்து வயர் போட்ட ஒரு வட்டமான கருவி. டெக்னீஷியன் புதிதாக வந்த பெண். மிஷின் பொண்ணு என்றுதான் வராந்தாவில் காத்திருப்பவர்கள் சொன்னார்கள். அவள் கருவியை மாஸ்டரின் நெஞ்சில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"தொண்ணூத்தெட்டு" என்றார் மாஸ்டர், அவளுக்கு உதவியாக.

"தொண்ணூத்தொம்பது சார்."

மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுபதுல வச்சிருக்காங்களே, யாரு சார் வச்சது?" என்று கேட்டாள் மிஷின் பொண்ணு. "எழுபதுன்னா, உங்க இதயம் நிமிஷத்துக்கு எழுபதுக்குக் கீழ துடிக்கப் போனாலே மிஷின் முந்திக்கும். நீங்க சாப்பிடற மாத்திரைக்கு இதயம் அறுபது கிட்டதான் துடிக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் மிஷினே முந்திக்குது. உங்க இதயம் தானா எவ்வளவு துடிக்கும்னு ஒரு வருஷத்துக்கு மேல யாருக்குமே தெரியாது. மிஷின் விடவே இல்ல."

"அவ்வளவு உழைக்குது."

"அதுதான் சார் பிரச்சினை. வயர் இருக்கறது வலது பக்கம். மிஷின் தட்டும்போது வலது பக்கம் முதல்ல சுருங்குது, இடது பக்கம் தாமதமா வருது. ரெண்டு பேரு ஒரு பீரோவைத் தூக்கறாங்க, ஒருத்தர் முன்னாடியே தூக்கிட்டாரு. என்ன ஆகும்?"

"பீரோ நகரும்."

"நகரும். முதுகு போயிடும். நல்ல இதயம்னா கொஞ்ச காலம் தாங்கும். உங்களது ஏற்கனவே பலவீனம். கால் வீக்கம், மூச்சு வாங்கறது, பம்ப் இறங்கினது, எல்லாத்துக்கும் இதுவே காரணமா இருக்கலாம். நாப்பதுக்கு இறக்கி வச்சா, இதயம் நாப்பதுக்குக் கீழ போனா மட்டும் மிஷின் வரும். மத்த நேரம் உங்க இதயம் அதோட வேலையை அதுவே பாத்துக்கும்."

ஆபீஸக்காவுக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றாள் மிஷின் பொண்ணு.

"ஒண்ணுமில்லம்மா. உன் மிஷினுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே குணம்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவள் திரையில் பழைய குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடி எடுத்ததும் முகம் மாறியது.

"ஓ. காரணம் இருக்கு. எந்திரிச்சு நிக்கும்போது தலைசுத்தல், மூணு தடவை விழப்போனார்னு எழுதியிருக்கு. அதனாலதான் எழுபதுக்குக் கூட்டியிருக்காங்க. நிஜமாவே மெதுவா துடிச்சுத் தலை சுத்துதுன்னா நான் குறைக்கச் சொல்ல முடியாது. கீழ விழுந்துடுவீங்க. இப்பவும் சுத்துதா சார்?"

"பயங்கரமா" என்றார் மாஸ்டர்.

ஆபீஸக்காவின் நோட்டில் இல்லாத விஷயம் அந்த வீட்டில் நடப்பதில்லை. அந்தக் குறிப்பின் தேதியைக் கேட்டாள். மிஷின் பொண்ணு சொன்னாள். அந்த வாரம் ஆபீஸக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வாரம்தான் மாஸ்டர் ரோட்டுக் குறிப் பலகைக்குப் புது பெயின்ட் அடித்தார். மேஜை மேல் ஸ்டூலைப் போட்டு, ஸ்டூல் மேல் நுனிக்காலில் நின்று, 'நுழையாதே' குறியின் சிவப்பை மூன்று நாள் தீட்டினார். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்தவள் இவள்தான். தலை சுற்றியது இவளுக்குத்தான்.

ஆனாலும் ஒரு சின்னப் பெண் முன்னால் புருஷனைப் பொய்க்காரர் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. "எப்பங்க சுத்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல."

"சரி, சோதிச்சுப் பாத்துடலாம்" என்றாள் மிஷின் பொண்ணு. "கொஞ்ச நேரம் நாப்பதுக்கு இறக்கறேன். நீங்க உட்காருங்க, நில்லுங்க, நடங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். ஏதாவதுன்னா உடனே ஏத்திடுவேன். எந்திரிங்க சார்."

மாஸ்டர் எழுந்து நின்றார். மிஷின் பொண்ணு லேப்டாப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"சுத்துது" என்றார் மாஸ்டர். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, ரூமே சுத்துது. ஏத்தும்மா, ஏத்து."

"சார், நான் இன்னும் அமுக்கவே இல்ல."

மாஸ்டர் கம்பியை விட்டார். மறுபடி பிடித்துக்கொண்டார். விடுவதா பிடிப்பதா என்று முடிவெடுக்காமல் நின்றார்.

ஆபீஸக்கா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "அன்னைக்கு வண்டிய யாரு நிறுத்துனா?"

"என்னைக்கு?"

"நீங்க சாஞ்சுட்டீங்கல்ல, அன்னைக்கு. வண்டி மரத்துல போயா மோதுச்சு?"

மாஸ்டர் தன் வலது காலைப் பார்த்தார்.

"பதினெட்டு வகுப்பு முடிச்சிருந்தாங்க அந்த பல் டாக்டரம்மா. பிரேக் எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. உங்க கால் நழுவினப்புறம்தான் போட்டாங்க. போடத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீங்க விடல."

"அது வேற, இது வேற."

"வேறதான். அவங்க ஒரு மாசத்துல பாஸ் ஆயிட்டாங்க. நீங்க மூணு தலையணையில படுத்திருக்கீங்க."

மிஷின் பொண்ணு லேப்டாப்பின் ஓரத்தில் இல்லாத தூசியைத் துடைத்தாள். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரி பண்ணினார்.

"போன தடவை தலைசுத்தலைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்மா" என்றார்.

"எவ்வளவு சார் கூட்டி?"

"முழுசா."

யாரும் கேட்காமலே மேலும் சொன்னார். "ஒரு பர்சென்ட்னு போட்டிருந்துச்சு. அது உள்ள இருந்துக்கிட்டு ஒண்ணுமே பண்ணலேன்னா, நாளைக்கு நிஜமா வேணுங்கறப்ப அதுக்கு ஞாபகம் இருக்குமா? நான் முழிச்சுக்கிட்டு இருக்கும்போதே என் கால் நழுவிப்போச்சு. அதுவும் நழுவிட்டா?"

இதை அவர் இரண்டு வருஷத்தில் ஆபீஸக்காவிடம் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அவள் ஃபைலைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"ஷாக் எப்பவும் தயாரா இருக்கும் சார்" என்றாள் மிஷின் பொண்ணு. "அதை நான் தொடப்போறதே இல்ல. ஒவ்வொரு துடிப்பையும் அது எண்ணிக்கிட்டுதான் இருக்கு. வேடிக்கை பாக்கறதுதான் அதோட வேலை. அடுத்த பத்து நிமிஷத்துல எப்பவாவது நாப்பதுக்கு இறக்குவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். சரியா?"

"சரி" என்றார் மாஸ்டர், இப்போதே இறக்கிவிட்ட முகத்தோடு.

நில்லுங்கள் என்றாள், நின்றார். நடங்கள் என்றாள், அறைக்குள் நாலு சுற்று நடந்தார். வண்டி ஓட்டுவீர்களா என்று மாஸ்டர் அவளைக் கேட்டார், கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள் அவள். அவ்வளவுதான். ரவுண்டானாவில் யாருக்கு முதலில் வழி விட வேண்டும், ஏன் இந்த ஊரில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை என்று மாஸ்டர் ஆரம்பித்தார். அவள் கையை ரவுண்டானாவாக வைத்து, தன் கையை வண்டியாக வைத்து ஓட்டிக் காட்டினார்.

"சார்" என்றாள் அவள். "இறக்கி ஏழு நிமிஷம் ஆச்சு."

மாஸ்டரின் கை ரவுண்டானா நடுவில் நின்றது.

"அறுபத்தொண்ணு. ஒரு தடவை கூட மிஷின் தட்டல."

மாஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "இப்ப யாரு அடிக்கறா?"

"நீங்கதான்."

அவர் கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார். நம்பிக்கை இல்லாத ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்தவர் மாதிரி, ஒவ்வொரு துடிப்பையும் கண்டிப்போடு பார்த்தார். டாக்டர் வந்தார், திரையைப் பார்த்தார், நாற்பதிலேயே இருக்கட்டும் என்றார், மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார். மாத்திரையைக் கூட்டவில்லை. பொய் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டியில் ஏறினதும் ஆபீஸக்கா சாவியைப் போட்டாள், திருகவில்லை.

"காலை எடுங்க."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டீங்கல்ல."

"அது நெஞ்சுக்குச் சொன்னது."

"எடுங்க."

மாஸ்டர் காலை எடுத்துப் பெடலுக்குப் பக்கத்தில் கால் விரிப்பில் வைத்தார். வைத்த இடத்திலும் அது சும்மா இல்லை. விரல் விரிப்பை அமுக்கிக்கொண்டே இருந்தது. முதல் சிக்னல் சிவப்பு. ஆபீஸக்கா தன் வாழ்க்கையின் முதல் பிரேக்கைப் போட்டாள். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. ஃபைல் பறந்து கண்ணாடியில் மோதி, இசிஜி தாள் சுருள் பிரிந்து மாஸ்டர் கழுத்தில் விழுந்தது. பின்னால் நாலு ஹாரன்.

ஆபீஸக்கா பதறிப்போய் அவர் நெஞ்சைப் பிடித்தாள். "ஐயையோ, ஷாக் அடிச்சிடுச்சா?"

"இல்ல" என்றார் மாஸ்டர், தாளைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தபடி. "அது உன் பிரேக்கு."

மீதி ஆறு சிக்னலிலும் அப்படித்தான். வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் கழுத்து வலி.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. முதல் இரண்டு வாரம் மாஸ்டர் மணிக்கட்டைப் பிடித்தபடியே சாப்பிட்டார், பிடித்தபடியே பேப்பர் படித்தார். மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்து காலில் செருப்பு நுழைந்தது. ஒரு தலையணை அலமாரிக்குப் போனது, கொஞ்ச நாளில் இன்னொன்றும் போனது. மாஸ்டர், உப்பைக் குறைத்ததுதான் காரணம் என்று மச்சானிடம் மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மிஷின் பொண்ணு தாளைக் கொடுத்தாள். மிஷின் துடிக்க வைத்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. பம்ப் பலம் முப்பத்தொன்று. மாஸ்டர் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆபீஸக்கா வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, பலகையில் தொண்ணூற்றெட்டு மேலேயே ஒட்டினாள். அவர் பார்த்தார். ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை என்றார்.

நடுவில் அவளுடைய ஐந்தாவது டெஸ்டும் வந்தது. பாஸ். பிரேக்கைக் கொஞ்சம் பலமாகப் போடுகிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாராம்.

புதுத் தாளை ஒட்டிய அன்று ஷட்டரை இறக்கிவிட்டுப் படியேறினார்கள். மாஸ்டர் முன்னால், ஆபீஸக்கா பின்னால். வழக்கம்போல அவள் கை அவர் முதுகுக்குப் போனது. போய், சட்டையில் படுவதற்கு ஒரு விரல் முன்னால் நின்றது. அவள் கையை இழுத்து, இன்னொரு கையிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அது தானாகப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்து, ஆறு, ஏழு. முன்பு நிற்கும் இடம் வந்தது, மாஸ்டர் நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. அவர் கைப்பிடியைத் தொட்டார், பிடிக்கவில்லை. அவர் ஏறுவதையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில் ஆபீஸக்கா ஒன்பதாவது படியிலேயே நின்றுவிட்டாள்.

மேலே பதினேழாவது படியில் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, மூச்சு வாங்குதா?"

"பை கனமா இருக்கு."

"அவசரமில்ல, நின்னு வா" என்றார். கையை நீட்டப் போனவர், நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் மாதிரி நின்று, அவள் தானாக ஏறி வருவதை வேடிக்கை பார்த்தார்.